தொண்ணூறு நாள் வலி

தெருமுனைப் பள்ளத்தில் ஒரே ஸ்கூட்டரோடு விழுந்ததில் வைரவனுக்கும் அவன் மனைவி அங்கயற்கண்ணிக்கும் முதுகில் ஒரே இடத்தில் டிஸ்க் விலகியது. ஒரே நாளில் இருவருக்கும் ஆபரேஷன் நடந்தது. யாருக்கு எத்தனை நாள் வலிக்கும் என்று மரபணுவைச் சோதித்து மருத்துவமனை தரும் அட்டை மட்டும் வேறுவேறாக வந்தது. அவனுக்கு வலி தொண்ணூறு நாள், அவளுக்கு நான்கு நாள். பள்ளம் அப்படியே இருக்கிறது.

ஐந்தாம் நாள் அங்கயற்கண்ணி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முதுகு பிளக்குது அத்தை."

மாமியார் கண்ணாடியை மாட்டி அட்டையை மறுபடி படித்தார். "நாலுன்னுதானே போட்டிருக்கு. எல்லாம் மனப்பிரமை."

சாத்துக்குடியோடு வந்த சொந்தங்கள் அட்டையைப் பார்த்துவிட்டு வைரவனின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பத்தாம் நாளே அவன் எழுந்து நடந்தான். "படுடா! இன்னும் எண்பது நாள் வலி பாக்கியிருக்கு," என்று அம்மா அதட்டினார். அவனும் முனகப் பழகிக்கொண்டான்.

தொண்ணூற்றோராம் நாள் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் மன்னிப்புக் கடிதத்தோடு வந்தாள்.

"அட்டை மாறிப்போச்சும்மா. பெரிய நம்பரா இருக்கவும், குடும்பத் தலைவருக்குத்தான் இருக்கும்னு எங்க கிளார்க் அதை உங்க வீட்டுக்காரர் பேர்ல ஏத்திட்டார். தொண்ணூறு உங்களோடது."

அங்கயற்கண்ணி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப நான் கொஞ்சம் படுத்துக்கலாமா?"

அந்தப் பெண் தேதியைப் பார்த்தாள். "உங்க வலி நேத்தோட முடிஞ்சிருச்சேம்மா."

"அப்ப ரெண்டு பேருக்கும் சரியாப்போச்சு," என்றான் வைரவன் கட்டிலிலிருந்து. "காபி போடு."