ஜாக்கி வைக்கும் இடம்

"அண்ணே, கைய எடுங்க! எல்லாரும் கைய எடுங்க!"

என் பெண்டாட்டி சுதர்ஷினி போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு சோலைமலை அண்ணன் உட்பட எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் அத்தனை பேரும் காரை விட்டு விலகி நின்றார்கள்.

தேயிலைத் தோட்டத்துப் பழக்கம் அது. எந்த வண்டி சிக்கினாலும் கூப்பிடாமலே ஓடி வருவார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே மூச்சில் தூக்கிவிடுவார்கள்.

ஆனால் எங்களுடையது தகரத்துக்குப் பதில் ஃபைபரில் உடம்பு செய்த பழைய கார். போன மாதம் டயர் மாற்ற இதே அன்போடு தூக்கியதில், இடது கதவுக்குக் கீழே அப்பளம் மாதிரி நொறுங்கிப்போனது. ஒட்டுப் போட்டும், அந்தக் கதவை மூட வெளியிலிருந்து ஓர் ஆள் அழுத்த வேண்டும்.

இன்று வலது பக்கம். பின் சக்கரத்தில் பிரேக் தேய்ந்துவிட்டது. ஓட்டுபவர் ஏறும் கதவும் அந்தப் பக்கம்தான். அதுவும் போனால் கார் கோழி அடைக்கத்தான் லாயக்கு.

நாளைக் காலை நான் நோர்வூட்டில் புது வேலைக்குச் சேர வேண்டும். பஸ்ஸை நம்பி என்னால் போக முடியாது. கார் ஓடினால்தான் அந்த வேலை.

இந்தக் காரைக் கண்ட இடத்தில் தூக்கக் கூடாது. அடியில் ஓடும் இரும்புச் சட்டத்தில் மட்டும்தான் ஜாக்கி வைக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் ஃபைபர் வெடித்துவிடும்.

நான் வாசலில் உட்கார்ந்துகொண்டு துரை மாதிரி உத்தரவு போட்டேன். முன் சக்கரங்களுக்குக் கல் வை. ஜாக்கிக்கு அடியில் பலகை போடு, மழை மண் உள்வாங்கும்.

நான் சொல்லுமுன்பே அவள் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தாள். புருஷன் என்ற மரியாதைக்குக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

சேறென்று பார்க்காமல் காரின் ஓரமாகப் படுத்து, டோர்ச் அடித்துச் சட்டத்தைத் தேடினாள். ஜாக்கியை அதற்கு நேராக வைத்து மெதுவாக ஏற்றினாள்.

கிர்ரென்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது.

ஜாக்கிதான் பலகையில் அழுந்தியிருக்கிறது. அடுத்த கணம் சக்கரம் மண்ணை விட்டு எழும்பியது. சட்டத்தின் கீழ் இரும்பு ஸ்டாண்டை நிறுத்தி, பாரத்தை அதில் இறக்கி, மெல்ல அசைத்துப் பார்த்த பிறகுதான் அவள் சக்கரத்தைக் கழற்றினாள்.

பிரேக் மாற்றிக் காரை இறக்கியபோது அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆண்கள் விசில் அடித்தார்கள். என் பெண்டாட்டி என்று அவர்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது, என்னமோ அவர்களுக்குத் தெரியாத மாதிரி.

"ஓட்டிப் பாருங்க" என்று சாவியை என்னிடம் எறிந்தாள்.

சோலைமலை அண்ணன் வந்து என் முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தார். கொழுந்து லொறி கவிழ்ந்து என் கால்கள் செயலிழந்த நாளிலிருந்து, ஆஸ்பத்திரிக்கும் திருவிழாவுக்கும் அந்த முதுகில்தான் மெயின் ரோடு வரை போய் வந்திருக்கிறேன்.

நான் அதில் ஏறாமல், உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியைக் கார்க் கதவருகே உருட்டினேன். சீட்டில் கையூன்றி உள்ளே மாறினேன். காலுக்குப் பதில் கையால் இயக்கும்படி வைத்த பிரேக்கை இழுத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பிடித்தது. கதவை நானே சாத்தினேன்.

அண்ணன் இன்னும் குனிந்தே நின்றார்.

"ஏறுங்கண்ணே" என்றேன். "மெயின் ரோடு வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்."