பெரிய எழுத்து

“என் பொண்ணு என்ன எல்கேஜியா படிக்கிறா?”

டியூஷன் டீச்சரின் மாடி அறையில், எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கேட்டாள் அம்மா. கையில் மகளின் பயிற்சித் தாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அச்சடித்த தாள். இவளுக்கு மட்டும் டீச்சர் தன் கையால் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஊரின் பெரிய பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான். அந்தப் பள்ளிக்கு ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். மகள் கணக்கில் புலி. ஒரு பத்தியைப் படித்துவிட்டுக் கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுது என்றால்தான் சொதப்பல். பத்தியில் இல்லாததையெல்லாம் எழுதி வைப்பாள்.

அம்மாவும் வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். முதலில் கேள்வியைப் படி, அப்புறம் பத்திக்குப் போ, முக்கியமான வார்த்தைக்கு அடியில் கோடு போடு என்பாள். மகள் நாலு வரி படித்ததும் தலை வலிக்கிறது என்பாள். விளையாடும்போது வராத தலைவலி படிக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அம்மா கேட்பாள். காலையிலிருந்து மருந்துக் கடையில் கால் கடுக்க நின்றுவிட்டு வருகிறவள். பொறுமை அவ்வளவுதான் மிச்சம் இருக்கும்.

“அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம்...” டீச்சர் ஆரம்பித்தாள். கல்லூரி முடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். எழுத்தைப் பெருசாக்கினா புத்தி பெருசாயிடுமா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் குனிந்த தலை நிமிராமல் பையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாளே வேறு டியூஷன். பேர் பெற்ற இடம். தினமும் பத்து அச்சுத் தாள்.

தேர்வில் மகள் கணக்கில் முழு மார்க். பத்திக் கேள்விகளில் போய்விட்டது. பட்டியலில் பெயர் இல்லை.

“ஒரு பத்தியைப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரியலையே உனக்கு,” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு இரண்டு நாள் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனார்கள். சித்தப்பா பேப்பர் படிக்கப் போடும் கண்ணாடியை மகள் எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே பேப்பரை விரித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அவள் பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

“அம்மா, இதுல எழுத்தெல்லாம் அசையாம நிக்குது.”

மறுநாள் கண் டாக்டர் பார்த்தார். தூரத்தில் இருப்பது தெரிகிறது, கிட்டத்தில் இருக்கும் எழுத்துதான் கலங்குகிறது, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும் என்றார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அம்மா மகளைக் கேட்டாள்.

“எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சேம்மா.”

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு அம்மா அந்தப் பள்ளிக்குப் போனாள். மறுபடி எழுத விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மகளுக்குக் கண்ணாடி வந்த அன்று, கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, பழைய டீச்சரின் மாடிப்படி ஏறினாள். நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள்.

“கண்ணாடி போட்டாச்சுல்ல, அது போதும்க்கா. இனிமே ஜோரா படிப்பா.” டீச்சர் அலமாரியில் தேடி, மகள் விட்டுப்போன டியூஷன் நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்ட அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

“உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

டீச்சர் ஏதோ சொல்ல வந்து, வேண்டாமென்று பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படியிறங்கும்போது அம்மா நோட்டைத் திறந்தாள். சிவப்பு மையில் பத்துக்கு மூன்று. அந்த மார்க் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில்: ‘கிட்டத்தில் சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கண் டாக்டரிடம் காட்டுங்கள்.’

அடுத்த வாரம் பத்துக்கு நான்கு. ‘தயவுசெய்து கண்ணைக் காட்டுங்கள். அதுவரை நான் பெரிதாக எழுதித் தருகிறேன்.’

ஆறு வாரம், ஆறு குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே, படித்துப் பார்த்ததற்கு அடையாளமாக, அம்மாவின் கையெழுத்து.