பாஸ் குத்து

சாம்பிளுக்கு எடுத்த ஒரு ஸ்பிரிங்கை நாள்கணக்காக அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்த சோதனை மிஷின் நின்றுவிட்டது. மண்ணூர்பேட்டைப் பட்டறையில் அந்தத் தடதடப்பு மெஹக்கின் காதுக்குள் மட்டும் ஓயாமல் கேட்கிறது. வருஷக்கணக்கில் உழைக்கவேண்டிய ஆட்டோ ஸ்பிரிங், பாதி ஆயுள்கூடத் தாங்காமல் இரண்டாகக் கிடக்கிறது. மிஷின் ஓட்டும் எத்திராஜ் உடைந்த முனையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுகிறார். விரிசல் புறப்பட்ட இடத்தில் கடுகளவு பள்ளம். “இன்னா மெஹக்கு, இது நீ வெச்ச பாஸ் குத்தாச்சே?” அவள் அந்தப் பள்ளத்தை விரல்நுனியால் தடவிப் பார்க்கிறாள். அளவும் சுமையும் சோதித்துத் தேறிய ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும், நல்லது என்பதற்கு அடையாளமாக, சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிறவள் அவள்தான். பெயிண்ட் பொட்டு அழிந்துவிடுகிறதே என்று அவளே கொண்டுவந்த வழக்கம். “மத்ததெல்லாம் எங்கண்ணா?” “லோடு போயாச்சேம்மா. எந்தெந்த வண்டில மாட்டிக்கீறானோ, யாரு கண்டா?” ஜன்னலுக்கு வெளியே, ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்குகிறது, அமுங்கி, எழுகிறது. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றும் எழும்வரை மெஹக் மூச்சு விடுவதில்லை.