வியர்க்காத தோள்

உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரகாசிக்கு ஊசி போட்டார்கள். உடம்புச் சூட்டைக் குளிர்சட்டை தணித்துக்கொள்ளும், யாரும் வியர்த்துத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது அங்கே விதி.

"வியர்வைச் சுரப்பியோட செல்லுல உப்பைக் கடத்துற புரதம் கதவு மாதிரி நிக்கும்," என்றாள் நர்ஸ். "அதைத் தாங்கிப் பிடிச்சிருக்குற இன்னொரு புரதம் இந்த ஊசியால பிடியை விட்டுரும். கதவு உள்ள போயிரும், வேர்வையே வராது. சீசன் முடிஞ்சா மாத்து ஊசி உண்டு."

மூன்றாம் நாள் பிரகாசி வீடு திரும்பி, ஐந்து மாத மகளைத் தூக்கினாள். குழந்தை அவள் கழுத்தில் மூக்கை வைத்து எதையோ தேடியது. பிறகு யாரோ அந்நியர் தூக்கியதைப் போல வீறிட்டது.

"உன் மேல வாசமே இல்லட்டி," என்றான் கணவன் லூர்து. "சுவத்தை மோந்த மாதிரி இருக்கு."

"சுவத்தைத்தான கெட்டியிருக்கீக," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. ஊசிக்கு முன்பு அவள் உடுத்திக் களைந்த சேலையை எடுத்து நாற்காலியில் விரித்து, குழந்தையை அதில் கிடத்தினான். அழுகை நின்றது. அதன் பின் அந்தச் சேலையை அவர்கள் துவைக்கவே இல்லை.

சீசன் முடிந்து, மாற்று ஊசி போட்டு இரண்டு நாள் கழித்து, பிரகாசியின் கழுத்தில் வியர்வை கசிந்தது. வீட்டுக்கு ஓடிவந்து கைகளை நீட்டினாள். நாற்காலியில் சேலை, கொசுவமும் முந்தானையுமாக, யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது.

குழந்தை தவழ்ந்து வந்து அவளை மோந்து பார்த்தது. பிறகு திரும்பிப் போய்ச் சேலையில் முகத்தைப் புதைத்து, முதன்முறையாக, "ம்மா" என்றது.