கால் ஊன்றாமல்

வண்டியைக் கிளப்பும் முன் டெஸ்ட் மைதானத்தில் வரைந்திருந்த எட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

எட்டு போட வேண்டும். வெள்ளைக் கோட்டை விட்டு விலகாமல் ஸ்கூட்டரை எட்டு வடிவத்தில் வளைத்து ஓட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் லைசென்ஸ் போச்சு.

ஏற்கெனவே இரண்டு முறை போச்சு.

இன்று பாஸ் செய்தால் வேலை உறுதி. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் லேப் வேலை. தவறவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. நாற்பத்தாறு வயதில் சொந்தக் காலில் நிற்பதற்காக, காலை ஊன்றாமல் இருக்க வேண்டியிருக்கிறது. நல்ல கூத்துதான்.

வேப்பமரத்தடியில் அவள் கணவர் குமரவேல் நின்றிருந்தார். வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா விட்டுருவோம், என்ன?"

அந்த 'என்ன' இன்னும் அவள் காதிலேயே இருந்தது.

காய் நறுக்கும்போது போனில் கேட்ட பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. எந்தக் காலத்துக் கிரேக்கத்துக்காரர்களோ சொன்னதாம். உன் கையில் இருப்பதைப் பார், இல்லாததை விடு. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. வெண்டைக்காய் எதிர்த்துப் பேசாது.

இப்போது யோசித்தாள். வெயில் அவள் கையில் இல்லை. டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டரின் கடுகடுப்பும் இல்லை. கணவரின் வாய் என்றைக்குமே இருந்ததில்லை.

கையில் இருந்தது ஹேண்டில்பார் மட்டும்தான்.

கிளப்பினாள்.

போன இரண்டு முறையும் கால் ஊன்றியது ஒரே வளைவில்தான். மரத்தைப் பார்த்த வளைவு. அவர் சிரிக்கிறாரா என்று கண் அங்கே போகும். கண் போன பக்கம் வண்டி சாயும்.

வளைவு வந்தது.

கண் இழுத்தது.

சிரித்தால் சிரிக்கட்டும்.

கோட்டையே பார்த்தாள். வண்டி வளைந்தது. வளைந்து, நிமிர்ந்தது.

"போதும்மா. பாஸ். காலை ஊனுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஊன்றினாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உடனே மரத்தடியைப் பார்த்தாள்.

குமரவேல் குனிந்து போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். எட்டை அவர் பார்க்கவே இல்லை.

முன்பென்றால் இரண்டு நாள் சோறு இறங்காது. இப்போதும் வலித்தது, கொஞ்சம். கூடவே சிரிப்பும் வந்தது. இவர் பார்க்கிறார் என்றா இத்தனை நாள் காலை ஊன்றினேன்?

"சார், இன்னொரு எட்டு போட்டுக்கட்டுமா?"

"அதான் பாஸாயிட்டீங்களேம்மா. யாரு பார்க்கிறதுக்கு?"

அதற்குள் அவள் கால் தரையை விட்டிருந்தது.