முதல் மடக்கு

"புருசன் கிள்ளான்ல மூட்ட தூக்கிச் சாவுறான். இவளுக்குத் தல கொள்ளாத மல்லியப்பூ ஒரு கேடு!"

இராஜம்மா சொன்னது தெருவுக்கே கேட்டது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளான பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் ரகசியம் பேசினாலும் அப்படித்தான்.

வள்ளியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்துக்கடை வாசலில் கம்பவுண்டர் தம்பு நீட்டிய காய்ச்சல் மருந்தை, கசக்கும் கொயினாத் தண்ணியை வாங்கினாள். ஒரே மடக்கு. முகம் கோணாமல் சிரித்தாள்.

"பாத்தீங்களா, எனக்கு என்னா ஆச்சு? போன மழையில குளிர்காய்ச்சல்ல கெடந்த எம் புருசன எழுப்பி விட்டது இதுதான். புள்ளைங்களக் கொண்டாங்க!"

அதற்கப்புறம்தான் பிள்ளைகளோடு நின்ற தாய்மார் கூட்டம் அசைந்தது. மூக்கைப் பிடித்துப் பிள்ளைகளின் வாயில் ஊற்றினார்கள். ஒரே அழுகை, ஒரே துப்பல்.

சனிக்கிழமை தோறும் இதே கூத்து. தம்பு இனாமாகத்தான் கொடுத்தார். ஆனாலும் காது அடைக்கும், வயிற்றுப்பிள்ளை கலையும் என்று ஒவ்வொருத்தியும் ஒரு கதை வைத்திருந்தாள். போன மழைக்கு லயத்தில் ஒன்பது பிள்ளைகளைப் புதைத்தார்கள். அப்போதும் பயம் காய்ச்சல் மேல் வரவில்லை, மருந்து மேல்தான் வந்தது. என்னத்தைச் சொல்ல!

தம்பு தொண்டை வறளப் பேசியும் நடக்காதது வள்ளியம்மாவின் ஒரு மடக்கில் நடந்தது. இருந்தாலும் அவர் கட்டுப்பெட்டி மனுஷர். புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு இத்தனை அலங்காரம் எதற்கு என்று அவருக்கும் உள்ளே உறுத்தியது.

கூட்டம் கரையும் நேரத்தில் ஒருவன் கடைக்குள் வந்தான். கன்னையா. கிள்ளான் துறைமுகத்தில் வள்ளியம்மாவின் புருஷன் அய்யாவுவோடு மூட்டை தூக்குகிறவன். வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்துப் போயிற்று.

"என்னடாப்பா, பேயைக் கண்டவன் மாதிரி?" என்றார் தம்பு.

"ஐயா, அய்யாவு செத்து இன்னையோட பதினாறு நாளு. காய்ச்சல். நாங்க நாலு பேருதான் அடக்கம் பண்ணுனோம்."

"ஐயோ! அந்தப் பிள்ளைக்குத் தெரியாதோ?"

"தெரியாமலா? மறுநாளே நான் வந்து சொன்னேனே! யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா. இப்படிப் பூ வச்சிக்கிட்டுச் சிரிப்பான்னு கண்டேனா?"

தம்புவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாலி கட்டினவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையா? இராஜம்மா வாய் பொய் சொல்லவில்லை போலிருக்கிறதே!

கூட்டம் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார்.

"புருஷன் செத்துப் பதினாறு நாள். பூவும் பொட்டுமாய் நிக்கிறீர். உமக்கு வெட்கமாயில்லையோ?"

வள்ளியம்மா கன்னையாவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மருந்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிள்ளானுக்கு நீங்க குடுத்தனுப்புன மருந்த இந்தத் தடவ அவரு பிரிக்கவே இல்ல ஐயா. கசக்குதுன்னு பெட்டிக்குள்ள போட்டுட்டாரு. எல்லாப் பொட்டலமும் அப்படியே கெடந்துச்சாம்."

"அதைச் சனத்துக்குச் சொல்லுறதுதானே? ஏன் மறைச்சனீர்?"

"சொன்னா நம்புவாங்களா? கொயினா குடிச்ச அய்யாவு செத்துட்டான்னுதான் லயம் பூரா பேசும். அதோட..."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தம்பு தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"தாலியறுத்தவ முதல்ல குடிச்ச மருந்த எந்தத் தாயி தம் புள்ளைக்கு ஊத்துவா, ஐயா?"

 எதைச் சொல்லித் திட்டினோம் என்று நினைக்கவே தம்புவுக்கு நெஞ்சு கூசியது.

வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. வள்ளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த மழக்காலம் முடியட்டும், ஐயா. அப்புறம் உக்காந்து அழுவுறேன்."