லென்ஸ் மூடி

“எத்தனை தடவை கூப்பிடறது? இன்னும் அந்தப் பாறை விளிம்புலதான் நிக்கறீங்களா? முதல்ல தள்ளி வாங்க!” என்று போனில் கத்தினாள் அவள்.

“ஆரம்பிச்சிட்டியா?” என்று அலுத்துக்கொண்டான் கணவன். “இருபது வருஷமா காட்டு மிருகங்களைப் படம் எடுக்கறேன். கரடியே எதிர்ல வந்திருக்கு. உடம்புல ஒரு கீறல் உண்டா? பார்த்துக் கால் வைக்கணும், அவ்வளவுதான்.”

“நான் சொல்ல வந்தது என்னன்னா...”

“பாறை வழுக்கும், பாம்பு கடிக்கும், அதானே? கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நீ என்ன பண்றே?”

“படுத்திருக்கேன்.”

“காலையில பத்து மணிக்கா? கொடுத்து வெச்சவ! கொஞ்சம் எழுந்து, என் லென்ஸ் மூடி வீட்ல கிடக்கான்னு பாரேன். கறுப்பா, வட்டமா இருக்கும். கிளம்பற அவசரத்துல எங்கேயோ போட்டுட்டேன்.”

“தேட வேண்டாம். கிடைச்சிடுச்சு.”

“அப்பாடா! எங்க இருந்துச்சு?”

“மாடிப்படியில. மேலேருந்து ரெண்டாவது படி.”

“மகராசி! அந்தப் படிக்கட்டு எப்பவும் இருட்டாச்சே, எப்படிக் கண்டுபிடிச்சே?”

“கால் வெச்சுத்தான்!”

போனைப் பட்டென்று வைத்தாள்.

மாவுக்கட்டுப் போட்ட அவளுடைய காலை மெல்லத் தூக்கித் தலையணைமேல் வைத்த நர்ஸ் கேட்டாள்: “போன்ல யாரும்மா?”

“இருபது வருஷமா ஒரு கீறல்கூடப் படாதவர்.”